கீழ் லாச்சியில் இருக்கும் இடது கால்கள்

ஸ்டிக்கர் வெட்டுகிற மெஷினைப் பற்றி உங்களிடம் பேசச் சொல்லித்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டார். மெஷினைப் பற்றி என்னத்தைப் பேச? கத்தியை எவ்வளவு இறக்க வேண்டும், மழை நாளில் காகிதம் ஏன் நமத்துப்போய் ஓரம் பிய்கிறது, ஸ்டிக்கர் ரோலை ஏன் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதெல்லாம் நாலு ரோலை நாசமாக்கினால் தானாக வந்துவிடும். நானும் அப்படித்தான் கற்றேன். நாசமாக்குங்கள், திட்டு விழும், அடுத்த முறை சரியாக வரும். அதைச் சொல்ல நான் டிக்கோயாவிலிருந்து பஸ் ஏறி வரத் தேவையில்லை.

நான் வந்தது கீழ் லாச்சிக்காக. கட்டர் மேசையின் கடைசி லாச்சி, அந்த அடி இழுப்பறை. அதைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போன வருடம் வேலையிலிருந்து நின்றேன். அதற்குள் முதலாளியின் பழைய காதல் கடிதம் இருப்பதாக நீங்கள் கதை கட்டியிருக்கிறீர்களாம். அடப் பாவிகளா, அந்த மனுஷன் கேட்டால் அழுதுவிடுவார். இன்றைக்கு நானே திறந்து காட்டுகிறேன். அதற்கு முன்னால் அதில் இருப்பது எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். இடையில் போனைப் பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

கிருஷ்ண ஜெயந்தி நெருங்கினால் பாதம் கேட்டு வருவார்கள், உங்களுக்குத் தெரியும். வாசலிலிருந்து சாமிப் படம் வரைக்கும் குட்டிக் கண்ணன் நடந்து வருகிற மாதிரி. முன்பு அரிசி மாவைக் கரைத்துக் கையை மடக்கி ஒற்றினார்கள். இப்போது யாருக்கு அந்தப் பொறுமை? நாம் வெள்ளை ஸ்டிக்கரில் வெட்டிக் கொடுக்கிறோம், துடைத்தாலும் போகாது. நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். எனக்குக் கண்ணன் பாதமும் ஒன்றுதான், கிறிஸ்மஸ் நட்சத்திரமும் ஒன்றுதான், கத்திக்கு இரண்டும் கோடு. கம்ப்யூட்டரில் ஒரு ஜோடிப் பாதம் எப்போதும் தயாராக இருக்கும். எத்தனை வேண்டும் என்று கேட்டு அமுக்க வேண்டியதுதான்.

அந்த வருடம் மழை விட்டபாடில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கே கடைக்குள் லைட் போட்டிருந்தோம். பனிமூட்டம் ஹட்டன் கடைவீதியில் வந்து படுத்துக்கொண்டது, எதிர்க் கடையின் போர்டுகூடத் தெரியவில்லை. அதற்குள்ளிருந்துதான் அந்தப் பெண் வந்தாள். பெயர் யோகேஸ்வரி. அக்கரப்பத்தனைக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். குடை இருந்தும் தோள்வரை நனைந்திருந்தாள். கம்ப்யூட்டரில் இருந்த பாதத்தைக் காட்டினேன். தலையை ஆட்டினாள்.

"இது வேணாங்கக்கா. இந்தக் காலை வெட்டித் தாங்க."

ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பை எடுத்தாள். அதற்குள் ஆஸ்பத்திரி கிளினிக் அட்டை. அட்டையின் பின்பக்கம் நீல மையில் ஒரு குழந்தையின் பாதம். என் சுண்டுவிரலை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஐந்து விரலும் தனித்தனியாக, குதிகாலில் ஒரு சின்னக் கோடு, எல்லாம் அப்படியே விழுந்திருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் ஸ்டாம்ப் மையில் ஒற்றிக் கொடுத்தாராம்.

"மகளா?" என்றேன்.

"மகதாங்கக்கா."

"இப்ப நல்லா வளர்ந்திருப்பாளே?"

அவள் அட்டையை என் பக்கம் தள்ளினாள். "உள்ள வர்ற மாதிரி இருக்கணும்," என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு எதுவும் தோன்றவில்லை. பிள்ளை பிறந்தபோது எடுத்த அடையாளம், ஆசைக்குக் கண்ணன் பாதமாக வைக்கிறாள் என்று நினைத்தேன். இதுவரைக்கும் கடையில் யாருக்கும் தோன்றாத நல்ல யோசனை என்றுகூட நினைத்தேன். அட்டையில் இருந்தது வலது கால் மட்டும். அதற்கென்ன? ஸ்கேன் பண்ணிக் கோடு எடுத்தேன். மிரர் பொத்தானை அமுக்கினேன். இடது கால் வந்துவிட்டது. வலது ஒன்று, இடது ஒன்று என்று வரிசை கட்டி வெட்டக் கொடுத்தேன். நீங்களும் இதைத்தான் செய்திருப்பீர்கள். நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

வெட்டி முடித்துக் களை எடுக்க உட்கார்ந்தேன். வேண்டாத வெள்ளையை உரித்து எடுப்பதற்கு இந்தக் கடையில் அந்தப் பெயரை வைத்தவளே நான்தான், தேயிலை மலையில் வளர்ந்தவளுக்கு வேறென்ன பெயர் வரும்? அந்தக் கால்களில் களை எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. சுண்டுவிரல் ஒவ்வொன்றும் குன்றிமணி அளவு. ஊசிமுனையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றியிருப்பதை உரிக்க வேண்டும். வலது கால் எல்லாம் ஒழுங்காக வந்தன. இடது கால் மட்டும் அடம் பிடித்தது. ஒரே ரோல், ஒரே கத்தி, ஆனாலும் ஒவ்வொரு இடது காலும் தாளை விட்டு என் விரலோடு எழும்பி வந்தது. கடைசியில் ஒரு இடது காலின் சுண்டுவிரலைக் காணவே காணோம். மேசையில் தேடினேன், தரையில் தேடினேன். இல்லை. அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, மீண்டும் வெட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

சுருட்டிக் கொடுப்பதற்கு முன்னால் விரித்துப் பார்த்தாள். வலது காலைத் தடவினாள். பிறகு பக்கத்தில் இருந்த இடது காலில் கை நின்றுவிட்டது.

"இது யாரு காலுங்கக்கா?"

"உங்க மகளோடதுதாம்மா. இடது கால்."

"இது யாரு காலு?" என்று மீண்டும் கேட்டாள். இந்த முறை என்னிடம் கேட்கவில்லை.

"கண்ணனோடதுன்னு வெச்சுக்கங்க," என்று சிரித்துக்கொண்டே சுருட்டிக் கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து பனிமூட்டத்துக்குள் போய்விட்டாள்.

அன்று வீட்டில் தேநீர் போடும்போது என் சுவெட்டரின் கைவிளிம்பில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அந்தச் சுண்டுவிரல். டிக்கோயா வரைக்கும் என்னோடு வந்திருக்கிறது. உரித்து எடுத்துக் குசினி ஜன்னல் சட்டத்தில் ஒட்டிவிட்டு அதை மறந்துபோனேன்.

பண்டிகை முடிந்து கொஞ்ச நாளில் அவள் புருஷன் வந்தார். கணேசன். தோட்டத்து லொறி ஓட்டுகிறவர். நல்ல வாட்டசாட்டமான ஆள். ஆனால் உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றார்.

"அக்கா, ஒங்க ஸ்டிக்கரை நீங்களே வந்து எடுத்துருங்க."

"ஏன், பிய்யுதா?"

"பிய்யலக்கா. வெளிய போகுது."

கடையில் இருந்தவர்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவர் குரலை இறக்கிச் சொன்னார். அவர் வீடு லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், கடைசிக் காம்பரா. வாசலுக்கு முன்னால் இருக்கிற இஸ்தோப்பிலிருந்து உள் சுவர் வரைக்கும் அவள் பாதங்களை ஒட்டியிருக்கிறாள். முதலில் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஒரு காலையில் பார்த்தால் உள்ளே ஒரு பாதத்தைக் காணோம். அது வெளியே தண்ணீர் ஓடுகிற கானோரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வெளிப்பக்கம் பார்த்தபடி. மறுநாள் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"எல்லாம் இடது கால்க்கா. வலது கால் ஒண்ணுகூட அசையல."

"யாராச்சும் வெளையாடுறாங்களா இருக்கும்."

"அப்பிடித்தாங்க நானும் நெனச்சேன். ஆனா எம்புள்ள…" என்று நிறுத்தினார். பிறகு நின்ற இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூத்தது, டிலுக்ஷி. அடுத்த வருஷந்தான் நேசரிக்குப் போகணும். ஸ்டிக்கர் ஒட்டுனதிலேருந்து வீட்டுக்குள்ள இடது காலைத் தரையில வெக்க மாட்டேங்குதுக்கா. ஒத்தைக் கால்லயே நொண்டுது. தூக்கிட்டு வெளிய விட்டா நல்லா நடக்குது. வாசப்படி தாண்டுனா காலைத் தூக்கிக்குது. டொக்டர்கிட்ட காட்டுனோம், காலுக்கு ஒண்ணுமில்லன்னுட்டாரு. கோடாங்கிகிட்ட கேட்டோம். எல்லாத்தையும் சொரண்டி ஆத்துல விடுன்னாரு. இவ அது மேலயே படுத்துக்கிட்டா. சொரண்டுனா என்னையும் சேத்துச் சொரண்டுங்கன்னு."

"மூத்ததுன்னா, அந்தப் பாதம் அதோடது இல்லியா?"

"ரெண்டாவதோடதுக்கா. அது கொஞ்ச நாள்தான் இருந்துச்சு."

முதுகில் யாரோ ஈரக் கையை வைத்த மாதிரி இருந்தது எனக்கு. இல்லாத பிள்ளையின் பாதத்தை அல்லவா வெட்டி, உள்ளே வருகிற மாதிரி வரிசை கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "செலினா, தலைமுடி காயவைக்கிற மெஷினையும் பிளேட்டையும் குடுத்தனுப்பு. சூடு காட்டுனா தானா வந்துரும். இதெல்லாம் நம்ம வேலை இல்ல," என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சாமான் கடையைத் தாண்டினால் வாங்கினவர் பொறுப்பு. ஆனால் அந்தக் கால்களைக் களை எடுத்தது என் விரல். ஒட்டுவது, ஒட்டாதது பற்றி அந்த வீட்டில் இருக்கிற எவரையும் விட எனக்குத் தெரியும். லொறி அக்கரப்பத்தனைக்குத் திரும்புகிற நேரம், நானும் ஏறிவிட்டேன்.

போய்ச் சேரும்போது பின்நேரம். லொறியை மேலே ரோட்டில் நிறுத்திவிட்டுத் தேயிலைக்கு நடுவே கற்படியில் இறங்கினோம். பனிமூட்டத்தில் நாலு படிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. லயத்தில் எங்கேயோ ரேடியோ பாடியது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. முன்னால் போன கணேசன் சட்டென்று ஒரு படியை விட்டு ஓரமாக ஒதுங்கிப் போனார். அந்தப் படியைக் குனிந்து பார்த்தேன்.

நனைந்த கருங்கல்லில் வெள்ளையாக ஒரு இடது கால். ரோட்டைப் பார்த்து, நான் வருகிற திசையைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. அதில் சுண்டுவிரல் இல்லை.

நான் பேய் பிசாசு பார்க்கிறவள் இல்லை பிள்ளைகளே. ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவள், இருட்டில் தனியாக நடந்து வீட்டுக்குப் போகிறவள். ஆனால் அந்தப் படியில் நான் கால் வைக்கவில்லை. நானும் ஓரமாகத்தான் இறங்கினேன். அந்தச் சுண்டுவிரல் என் குசினி ஜன்னலில் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கீழே கானோரத்தில் மற்றவை இருந்தன. எல்லாம் இடது. ஒன்றின் பின் ஒன்றாக வீட்டை விட்டு வெளியே. வாசற்கதவு ஆவென்று திறந்து கிடந்தது, சாத்திவிடாமல் அம்மிக்குழவியை அண்டை கொடுத்திருந்தார்கள். பனிமூட்டம் தாராளமாக உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. தொப். கொஞ்சம் இடைவெளி. மறுபடி தொப். ஒற்றைக் கால் சத்தம்.

சிவப்புப் பொலிஷ் போட்ட சீமெந்துத் தரை. அதில் வெள்ளை வெளேரென்று வலது கால்கள் மட்டும் உள்ளே போயின, ஒரு குழந்தை நொண்டி விளையாடிக்கொண்டே போன மாதிரி. அவற்றுக்குப் பக்கத்தில் டிலுக்ஷி நின்றுகொண்டிருந்தாள். தொப்பியும் சுவெட்டரும் போட்டிருந்தும் உதடு நீலம் பூத்திருந்தது. இருமினாள். இருமும்போதுகூட இடது காலைக் கீழே வைக்கவில்லை, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். யோகேஸ்வரி வாசற்படிக்குப் பக்கத்தில் சாக்குப் போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது.

"எடுக்கத்தானே வந்தீங்க?"

"தேத்தண்ணி தருவியா, மாட்டியா? அம்புட்டுத் தூரம் லொறியில குலுங்கி வந்திருக்கேன்," என்றேன்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் இருக்கிற வாடிக்கையாளர் முன்னால் பிளேட்டை வெளியே எடுக்காதீர்கள். முதலில் உட்காருங்கள். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் தரையில் உட்கார்ந்தேன். கணேசன் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, எடுங்க, எடுங்க என்று கண்ணால் கெஞ்சினார். நான் தரையைப் பார்த்தேன். இடது கால் இருந்த இடங்களில் பசையின் தடம் லேசாக இருந்தது, அதில் தூசி பிடித்திருந்தது. தடவிப் பார்த்தேன். ஈரத்தில் தானாகக் கழன்ற ஸ்டிக்கர் இப்படித் தடம் விடாது, பசையோடு போய்விடும். இது நகத்தால் நெம்பி எடுத்தது. பெரியவர்கள் என்றால் குதிகால் பக்கம் அகலமாக இருக்கிறதே, அங்கே பிடிப்பார்கள். இங்கே பசை இழுபட்டிருந்தது விரல் பக்கத்திலிருந்து. ஒவ்வொரு விரலாக, பொறுமையாக, ரொம்பச் சின்ன நகத்தால்.

பிள்ளையைப் பார்த்தேன். பிள்ளை என்னைப் பார்த்தது.

தேநீர் வந்தது. யோகேஸ்வரி பேச ஆரம்பித்துவிட்டாள். "அது வந்துச்சுக்கா. நான் பாத்தேன், ஒட்டுன அன்னிக்கு வீடே நெறஞ்ச மாதிரி இருந்துச்சு. இப்ப திரும்பிப் போகுது. கதவையும் சாத்திட்டா அது எப்படிக்கா வரும்? வெளியவே நின்னுரும். வெறைச்சுப் போயிரும்." அழவில்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "ஆஸ்பத்திரில அதோட இடது கால்ல ஊசி குத்திக் கட்டுப் போட்டிருந்தாங்க. கட்டோடயே குடுத்தாங்க, கட்டோடயே குழியில வெச்சோம். நான் அந்தக் காலைப் பாத்ததே இல்லக்கா. கடையில நீங்க காட்டுனப்ப அதான் கேட்டேன், இது யாரு காலுன்னு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மெஷின் ஒரு காலைக் கொடுத்தது. கோணல் இல்லாத, அளவு தவறாத கால். ஆனால் அது அந்தப் பிள்ளையின் கால் இல்லை. பெற்றவளே பார்த்திராத காலை நான் ஒரு பொத்தானில் எப்படி உண்டாக்குவது? அது யாருடைய காலும் இல்லை. யாருடைய காலும் இல்லாத ஒன்று அந்த வீட்டுக்குள் நடந்து வந்திருந்தது.

டிலுக்ஷியைப் பக்கத்தில் கூப்பிட்டேன். நொண்டிக்கொண்டே வந்து என் மடியில் சாய்ந்தாள், இடது காலை என் சேலையின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது.

"அந்தப் பாதத்தை எல்லாம் எடுத்து வெளிய வெச்சது நீங்கதானே தங்கம்?"

வாசலில் நின்ற கணேசன், "என்னாது?" என்று உள்ளே கால் வைத்தார். கையைக் காட்டி அவரை நிறுத்தினேன். பிள்ளை ஆமாம் என்று தலையாட்டினாள். அம்மா தூங்கும்போது எடுத்தாளாம்.

"ஏன் எடுத்தீங்க?"

"அது நம்ம பாப்பா இல்ல. வேற பாப்பா."

"யாரு சொன்னா?"

"அம்மாதான். ஒட்டும்போது சொன்னிச்சு, இது யாரு காலு, இது யாரு காலுன்னு." டிலுக்ஷி என் காதுக்குள் பேசினாள், அந்த அறையில் இன்னும் யாரோ கேட்டுவிடுவார்கள் என்பது போல. "நம்ம பாப்பா நொண்டித்தான் வரும். அந்தப் பாப்பா இந்தக் கால்ல வரும். நான் இந்தக் காலை வெச்சா எங்கால்ல ஒட்டிக்கும். நான் வெளிய அனுப்பிட்டேன். ஆனா போக மாட்டேங்குது, திரும்பித் திரும்பி வருது."

"ஏன் வருது?"

"கதவு தொறந்திருக்குல்ல."

யோகேஸ்வரியின் கையிலிருந்த கோப்பை சாய்ந்து தேநீர் தரையில் கொட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை. இத்தனை நாளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் மகளைப் பார்த்தாள். நீலம் பூத்த உதட்டை, தூக்கிவைத்த காலை, தொப்பிக்குக் கீழே பயந்துபோன அந்தக் கண்ணைப் பார்த்தாள்.

"அடியே தங்கம், எங்கிட்ட சொல்லலியேடி!"

"நீ பாப்பாவப் பாத்துக்கிட்டிருந்த," என்றாள் பிள்ளை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். புருஷனுக்கு எல்லாவற்றையும் சுரண்டவேண்டும், பெண்சாதிக்கு ஒன்றையும் தொடக்கூடாது, பிள்ளைக்குக் கதவைச் சாத்தவேண்டும். மூன்று பேரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளேட் பைக்குள்ளேயே இருந்தது. அதை எடுத்திருந்தால் அந்தப் பெண் இன்னொரு முறை பிள்ளையைப் பறிகொடுத்திருப்பாள். ஒன்றும் செய்யாமல் எழுந்து வந்திருந்தால் மூத்ததும் குளிரில் சீக்காகியிருக்கும்.

"யோகா, ஒங்க பாப்பா எங்க உக்காரணும்? எந்த எடம்னு சொல்லு," என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெதுவாகக் கையை நீட்டினாள். சாமிப் படத்தைக் காட்டவில்லை. அடுப்பு மூட்டுகிற சுவருக்குப் பின்பக்கம், சூடு இறங்குகிற மூலையைக் காட்டினாள்.

நான் எழுந்து இஸ்தோப்புக்குப் போனேன். வாசலுக்கு வெளியே இருந்த வலது கால்களை மட்டும் நகத்தால் குதிகால் பக்கமாக மெல்ல எடுத்தேன், ஒரு விரல்கூடக் கிழியாமல். உள்ளே கொண்டுவந்து அந்த மூலை வரைக்கும் வரிசையை நீட்டினேன். கடைசி இரண்டையும் சுவரோரமாக, பக்கத்தில் பக்கத்தில், வெளிப்பக்கம் பாராமல் ஒட்டினேன். முந்தானையால் தேய்த்துவிட்டேன்.

"இப்ப பாரு. வெளிய ஒரு அடி இருக்கா?"

பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள்.

"எல்லாம் உள்ளதான். வந்துருச்சு. இனி யாருக்காகக் கதவைத் தொறந்து வெச்சிருக்க?"

அவள் அந்த மூலைக்குப் போய் உட்கார்ந்து கடைசி இரண்டு பாதத்தின் மேலும் உள்ளங்கையை வைத்தாள். அப்போதுதான் அழுதாள். சத்தமாக, ஒப்பாரி மாதிரி, பக்கத்துக் காம்பராவில் ரேடியோவை நிறுத்துகிற அளவுக்கு அழுதாள். அழட்டும் என்று விட்டேன்.

டிலுக்ஷி என் சேலையை இழுத்தாள். "அந்தப் பாப்பா?"

"அதை நான் கூட்டிட்டுப் போறேன். நான் செஞ்சது, என்கூட வந்துரும்."

வெளியே போய்க் கானோரத்து இடது கால்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தாளில் ஒட்டினேன். பிள்ளை வாசற்படியில் ஒற்றைக் காலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்லுப்படியில ஒண்ணு இருக்கே, அதையும் நீங்கதானே வெச்சீங்க?" என்று கேட்டேன்.

"இல்ல. கான் தாண்டிப் போனா அப்பா அடிக்கும். நான் கானோரத்துல மட்டுந்தான் வெச்சேன். அது தானாப் போச்சு. வெரலைத் தேடிக்கிட்டுப் போச்சு."

மழைத் தண்ணீரில் கழன்றிருக்கலாம். யாராவது ஆளின் செருப்பில் ஒட்டிக்கொண்டு ஏறியிருக்கலாம். அப்படித்தான் இருக்கவேண்டும். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

புறப்படும்போது யோகேஸ்வரி முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். குழவிக் கல்லைக் காலால் தள்ளினாள். கதவில் கை வைத்தவள், என் கையில் இருந்த தாளைப் பார்த்தாள்.

"அதை என்னாங்கக்கா செய்வீங்க?"

"கடைக்குக் கொண்டுபோறேன்."

"குப்பையில போட்றாதீங்க." கொஞ்சம் யோசித்தாள். "யாரு புள்ளையா இருந்தாலும், குளிர்ல விட்றாதீங்கக்கா."

கதவு மழையில் ஊதியிருந்தது, அவள் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. கொண்டி விழுந்தது. கணேசன் எனக்கு முன்னால் படியேறப் போனார், நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். மூடின கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. தொப். பிறகு இடைவெளி. பிறகு, இவ்வளவு நேரமும் கேட்காத ஒரு சின்னச் சத்தம், பயந்து பயந்து வைக்கிற மாதிரி. பிறகு தடதடவென்று இரண்டு காலும் அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடின. கணேசன் அப்படியே இஸ்தோப்பில் குந்திவிட்டார், முகத்தைக் கையால் பொத்திக்கொண்டார்.

கற்படியில் இருந்ததைக் கடைசியாக எடுத்தேன். வீட்டுக்குப் போனதும் குசினி ஜன்னலில் இருந்த சுண்டுவிரலை உரித்து, அதன் இடத்தில் சேர்த்து ஒட்டினேன். சரியாகப் பொருந்தியது.

கீழ் லாச்சி இழுக்கும்போது கொஞ்சம் சிக்கும். இந்தா, பாருங்கள், அந்த இடது கால்கள்தான். மேலே சுற்றியிருப்பது பிளானல் துணி. மழைக் காலத்தில் நமத்துப்போகும், அதனால் மாதம் ஒரு முறை மாற்றவேண்டும். இதுவரைக்கும் நான் வந்து மாற்றினேன். இனி என் முழங்கால் அந்த பஸ் படிக்கு ஒத்துவராது, நீங்கள்தான் மாற்றவேண்டும். சிரிக்கிறவள் சிரித்துக்கொள், ஆனால் துணியைக் காயவைத்து மடித்துச் சுற்று. நாளைக்கு யாராவது ஒற்றைப் பாதத்தைக் கொண்டுவந்து கொடுத்தால், மிரர் அமுக்குவதற்கு முன்னால் மற்றக் காலைப் பற்றிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும் வரைக்கும் பொறுங்கள்.